மீனம்பாக்கம் வந்தா சொல்லுங்க

கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க தம்பி, பை நனையுது. ஆங், போதும், போதும். தம்பி, ஒரே ஒரு உதவி. மீனம்பாக்கம் வந்தா சொல்லுங்க. ஷட்டரை எல்லாம் இறக்கி விட்டுட்டாங்க, வெளியே ஒண்ணும் தெரியலை. கண்டக்டர்கிட்ட சொல்லி வைக்கலாம்னா அவர் முன்னாடி கூட்டத்துல மாட்டிக்கிட்டு நிக்கறார். நீங்க தினமும் இந்த பஸ்ல போறவர் மாதிரி இருக்கு. எங்கே, மருந்துக்கடையிலயா? கிண்டியிலயா? நல்லதாப் போச்சு. எனக்கு அப்புறம்தான் நீங்க எறங்குவீங்க. மறந்துடாதீங்க.

சிரிக்காதீங்க. முப்பத்திரண்டு வருஷமா அந்த மீனம்பாக்கத்துக்குப் போய் வந்தவன் நான். ஆனா கம்பெனி கார்ல. ஏறினதும் கண்ணை மூடிடுவேன், வாசல்ல இறக்கி விடுவாங்க. பஸ் ஸ்டாப்பு எங்கே இருக்குன்னு யார் கண்டா? பைலட் தம்பி. கேப்டன் வைரவன்னு கேட்டுப் பாருங்க, லோடு ஏத்தறவன்கூட சொல்வான். இப்போ மூணு மாசமா வீட்டுல உக்கார வச்சிருக்காங்க. சொந்தக் கார் இருக்கு, ஓட்டறதில்லை. விசாரணைக்கு முன்னாடி வந்தப்போ எல்லாம் ஆட்டோதான், இன்னைக்கு இந்த மழையில ஒண்ணும் கிடைக்கலை. இந்தக் கையைப் பாருங்க. நடுங்குது இல்லை? குளிர்னு நினைக்காதீங்க. ஆகஸ்ட்லேருந்து இப்படித்தான். ஷேவிங் பண்ண முடியலை, சலூனுக்குப் போறேன். லிஃப்ட்ல ஏற மாட்டேன். கீழே இறங்கற எதுலயும் நிக்க முடியலை தம்பி.

பதினொரு மணிக்கு விசாரணை. கடைசி நாள். எல்லாரும் எழுதிக் கொடுத்தாச்சு. இன்னைக்கு நேர்ல வந்து "நான் எழுதினது சரி"ன்னு சொன்னா முடிஞ்சுது. ஏதாவது மாத்தணும்னாலும் இன்னைக்கு பதினொண்ணுக்குள்ளே மாத்திக்கலாம். வரலைன்னா எழுதினதே முடிவு. எனக்கு மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லை. ஆனாலும் மனசு கேக்கலை, போயிட்டு வந்துடலாம்னு கிளம்பிட்டேன். என்ன ஒரு மழை! அன்னைக்கும் இதே மாதிரிதான். ஊர் பேர் சொல்ல மாட்டேன், விசாரணை நடக்குது. தெக்கே ஒரு கடலோர ஊர்னு வச்சுக்கங்க. காலையில எட்டேகால். இறக்கை மேலே ரெண்டு காத்தாடி சுத்தும் பாருங்க, அந்தச் சின்ன விமானம். அம்பத்தெட்டு பேர் பின்னாடி. முன்னாடி நானும் ஒரு பொண்ணும்.

ஜெனோவான்னு பேர். இருபத்தாறு வயசு. தூத்துக்குடிப் பக்கம், கடக்கரை ஊர். அப்பா வள்ளத்துல மீன் பிடிக்கப் போறவர். கடன உடன வாங்கிப் படிக்க வச்சிருக்கார். கெட்டிக்காரப் பொண்ணுதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா வாய். காலையில விமானம் நகர ஆரம்பிக்கலை, அதுக்குள்ளே "சார், ரன்வேக்கு முன்னாடி இருக்கற கோட்டுல நிக்கணும், சார், லைட்டு போடலை"ன்னு ஆரம்பிச்சிடுச்சு. அதுவும் இழுத்து இழுத்து அந்த ஊர்ப் பேச்சுல. நான் கோவப்படலை. நல்ல விதமாத்தான் சொன்னேன். "அம்மா, நான் இந்த விமானத்தை ஓட்ட ஆரம்பிச்சப்போ நீ பொறக்கவே இல்லை. நான் கேட்டா சொல்லு, போதும். அந்தத் தூத்துக்குடித் தமிழை வீட்டுல வச்சுட்டு வா"ன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அதுக்கப்புறம் பாருங்க, பொட்டிப் பாம்பு. "எஸ் சார், ஓகே சார்", அவ்வளவுதான். அப்படித்தான் இருக்கணும். நானும் பதினோரு வருஷம் பக்கத்து சீட்டுல உக்காந்து "சார்" போட்டவன்தான். ஒரு தடவை ஒரு கேப்டன்கிட்ட "சார், வேகம் குறையுது"ன்னு சொன்னேன். புறங்கையில பட்டுன்னு ஒண்ணு வச்சார். ஸ்கேல் இல்லை, கையால. அன்னைக்கு மூடினேன் வாயை. மூடினதாலதான் கேப்டனானேன்.

தம்பி, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். மேகத்துக்குள்ளே போயிட்டா எங்களுக்குக் கண்ணு கிடையாது. இந்த பஸ்ஸை விட மோசம். மீட்டர்தான் கண்ணு. இன்ஸ்ட்ருமென்ட் லேண்டிங்னு சொல்வாங்க. ரன்வேயிலேருந்து ரெண்டு சிக்னல் வரும். ஒண்ணு இடது வலது சொல்லும். இன்னொண்ணு மேலே கீழே சொல்லும். ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு வந்தா ரன்வே வாசல்ல கொண்டுவந்து விட்டுடும். அன்னைக்கு அந்த ஊர்ல மேலே கீழே சொல்ற சிக்னல் ரிப்பேர். முன்கூட்டியே தெரிஞ்ச விஷயம்தான். அப்போ என்ன பண்ணணும்? எத்தனை அடி உயரத்துல இருக்கோம்னு காட்டற மீட்டரை மட்டும் நம்பிப் படிப்படியா இறங்கணும். ஐநூறு அடி வரைக்கும் போகலாம். அங்கே ரன்வே கண்ணுல படலைன்னா மறுபேச்சு இல்லாம மேலே ஏறிடணும்.

அந்த மீட்டர் இருக்கு பாருங்க, அதுல ஒரு சங்கடம். அது அடியை நேரா அளக்காது. காத்தோட கனத்தை வச்சுக் கணக்குப் போட்டுச் சொல்லும். காத்தோட கனம் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் வேற. புயல் சின்னம் இருந்தா காத்து லேசாயிடும். அதனால இறங்கற நேரத்துல ஏர்போர்ட் டவர்ல இருக்கறவர் ஒரு நம்பர் சொல்வார். மீட்டர் ஓரத்துல குட்டியா ஒரு திருகு, அதைத் திருப்பி அந்த நம்பருக்கு வைக்கணும். நான் என்னோடதை, அந்தப் பொண்ணு அதோடதை. வச்சிட்டு ரெண்டு பேரும் நம்பரை வாய்விட்டுச் சொல்லணும். ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் காதுல வாங்கணும். அதுதான் எங்க வழக்கம். அன்னைக்கு நம்பர் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு. மேலே பறக்கும்போது வச்சிருந்தது ஆயிரத்துப் பதிமூணு. திருப்பாம விட்டா மீட்டர் நானூத்திச் சொச்சம் அடி பொய் சொல்லும். நீங்க நூறு அடியில இருப்பீங்க, அது ஐநூறுக்கு மேலே காட்டும். புரியுதா? நல்லது, நீங்க நல்லா ம் கொட்டறீங்க. கதை கேக்கத் தெரிஞ்சவர்.

நான் திருப்பலை.

அதை நான் மறைக்கலை தம்பி. முதல் நாளே எழுதிக் கொடுத்துட்டேன், திருப்பலை, என் தப்புதான்னு. ஆனா ஏன் திருப்பலை? அதையும் கேளுங்க. அப்போ நான் அந்தப் பொண்ணுக்கு எங்க அக்கா மகள் கல்யாணக் கதையைச் சொல்லிக்கிட்டு இருந்தேன். மாப்பிள்ளை அழைப்புக்குப் போன கார் வேற மண்டபத்துக்குப் போய் வேற மாப்பிள்ளையை ஏத்திக்கிட்டு வந்துடுச்சு. நிஜமாத்தான்! அவனும் பேசாம ஏறி உக்காந்திருக்கான், மாலையோட. எங்க அத்தான் கதவைத் திறந்து, ஆரத்தி வரைக்கும்... அதை அப்புறம் சொல்றேன். அந்த இடத்துக்கு வந்துட்டேன், அந்தப் பொண்ணும் "ம்" "ம்"னு கேட்டுக்கிட்டு இருக்கு. பத்தாயிரம் அடிக்குக் கீழே வேண்டாத பேச்சு பேசக் கூடாதுன்னு விதி இருக்கு, இல்லைன்னு சொல்லலை. எல்லாரும்தான் பேசறாங்க. டவர் நம்பர் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. அந்தப் பொண்ணு திருப்பிச் சொல்லுச்சு. அதோட மீட்டரைத் திருப்புச்சு. அப்புறம் என்னைப் பாத்து "சார்"னுச்சு. நான் "ம்"னேன். அவ்வளவுதான். அவ்வளவுதான் நடந்துச்சு! "சார்"ங்கறது எச்சரிக்கையா தம்பி? காலையிலேருந்து நூறு தடவை "சார்" போடற பொண்ணு. அதுல எது நிஜ "சார்", எது வெத்து "சார்"னு எனக்கு எப்படித் தெரியும்?

அவ என்ன எழுதிக் கொடுத்திருக்கான்னு கேளுங்க. மூணு தடவை சொன்னாளாம். முதல்ல "சார், தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு"ன்னு சொன்னாளாம். ரெண்டாவது, "சார், உங்க மீட்டரும் என் மீட்டரும் வேற வேற காட்டுது"ன்னு சொன்னாளாம். மூணாவது, "சார், நம்ம ரொம்பக் கீழே இருக்கோம் போல"ன்னு சொன்னாளாம். மூணுக்கும் நான் "ம்"னேனாம். பொய்! எனக்குக் காது இருக்கு தம்பி. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர் காதைச் சோதிச்சு சர்டிபிகேட் தர்றார். "உங்க மீட்டர் வேற காட்டுது"ன்னு ஒருத்தி சொல்லி நான் "ம்"னு சொல்லிட்டு உக்காந்திருப்பேனா? பைத்தியமா எனக்கு?

என்ன? ம், ம், சரி. இதைக் கேளுங்க முதல்ல.

மேகத்துக்குள்ளே இறங்கிட்டு இருக்கோம். கண்ணாடியில தண்ணி அடிக்குது, வாளியால ஊத்தற மாதிரி. ஆயிரம் அடி. எண்ணூறு. எல்லாம் என் மீட்டர்ல. கதையைக்கூட நிறுத்திட்டேன். எழுநூறு. வெளியே வெள்ளை. ரன்வே லைட்டு ஏதாவது தெரியுதான்னு எட்டிப் பாக்கறேன், ஒண்ணும் இல்லை. அறுநூறு. இன்னும் நூறு அடி இருக்கு, அவசரம் இல்லைன்னு நினைக்கறேன். அந்த நினைப்பை நினைச்சாத்தான் தம்பி இப்பவும் வேர்க்குது. அவசரம் இல்லைன்னு நினைச்சேன். நிம்மதியா உக்காந்திருந்தேன்! ஐநூத்தி அம்பது. மேகம் கிழிஞ்சுது.

அய்யோ.

தம்பி, ஐநூத்தி அம்பது அடியிலேருந்து பாத்தா மனுஷன் எறும்பு மாதிரி தெரிவான். எனக்கு ஒரு ஆள் தெரிஞ்சான். மஞ்சள் மழைக்கோட்டு. சைக்கிள்ல போறான். பின்னாடி கேரியர்ல ஒரு சாக்கு, பச்சைக் கயித்தால கட்டியிருக்கு. கயிறு கலர் தெரியுது தம்பி எனக்கு! அவன் தலையைத் தூக்கிப் பாத்தான். வாய் திறந்திருந்துச்சு. சைக்கிளைப் போட்டுட்டு அப்படியே குப்புற விழுந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் ஒரு இறால் பண்ணை, நீலத் தார்ப்பாய் போட்ட கொட்டகை. அதுக்கும் அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு. அது கீழே இல்லை. எனக்கு நேரா இருக்கு. மரத்து உச்சி எல்லாம் கண்ணாடிக்கு நேரா வருது.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ஒண்ணும் பண்ணலை. மீட்டரைப் பாத்தேன். ஐநூத்தி நாப்பதுன்னு காட்டுது. மரத்தைப் பாத்தேன். திரும்ப மீட்டரைப் பாத்தேன். மீட்டர்தான் சரி, மரம்தான் தப்புன்னு ஒரு நொடி நினைச்சேன் தம்பி. சத்தியமா நினைச்சேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொன்னதில்லை. தரை நெருங்கினா கத்தற மெஷின் ஒண்ணு இருக்கு, அது ஒரு பக்கம் கத்துது. கை ரெண்டும் இதோ இப்படி, செத்த கை மாதிரி இருக்கு. அப்போதான் அவ கத்தினா.

"ஏல! தூக்குல! மேல தூக்குல!"

என்னைப் பாத்து. கேப்டனைப் பாத்து. "ஏல"!

கத்திக்கிட்டே அவ பக்கத்துக் கன்ட்ரோலைப் பிடிச்சு இழுத்தா, இன்னொரு கையால இன்ஜின் லிவரை முழுசா முன்னாடி தள்ளினா. என் கை அதுக்கப்புறம்தான் அசைஞ்சுது. அடியில சரசரன்னு ஒரு சத்தம். ஈர்க்குச்சி விளக்குமாத்தால வாசல் பெருக்கற சத்தம் மாதிரி. ரெண்டு நொடி. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அப்புறம் திரும்ப வெள்ளை. மேலே போறோம், மேலே போறோம். பின்னாடி ஒரு குழந்தை அழறது கேக்குது. அவ டவர்கிட்டப் பேசறா, குரல் கொஞ்சம்கூட நடுங்கலை. நான் என் கையை எடுத்துத் திருகைத் திருப்பினேன். தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு. மீட்டர் முள்ளு சர்ருனு நானூறு அடி கீழே இறங்குச்சு.  

என்ன தம்பி? ம், ஒரு நிமிஷம். இன்னும் முக்கியமான இடமே வரலை.

ரெண்டாவது தடவை ஒழுங்கா இறங்கிட்டோம். வாசல்ல நின்னு எல்லாரையும் அனுப்பறேன். ஒருத்தர் கையைப் பிடிச்சு "இந்த மழையில அழகா இறக்கினீங்க சார், உங்களை மாதிரி அனுபவசாலிங்க இருக்கறதாலதான்"னு சொல்லிட்டுப் போறார். அந்தக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு அதோட அம்மா போகுது, அது எனக்கு டாட்டா காட்டுது. நானும் கையைத் தூக்கினேன். எல்லாரும் போனதும் காக்பிட்டுக்கு வந்தேன். அந்தப் பொண்ணு சீட்டுல அப்படியே உக்காந்திருக்கு, மடியில கையை வச்சுக்கிட்டு. நான் கேட்டேன், "யாரைப் பாத்து ஏலங்கற?"

ஆமா தம்பி, அதைத்தான் கேட்டேன். வேற என்ன கேக்கணும்? மரியாதைன்னு ஒண்ணு வேண்டாமா? என் வயசென்ன, அவ வயசென்ன? அவ என்ன சொன்னா தெரியுமா? "சார், எங்க வள்ளத்துல அப்பா சுக்கான் பிடிச்சிருந்தாலும், மாமா பிடிச்சிருந்தாலும், முன்னாடி நிக்கறவன் பாறையைப் பாத்தா அப்படித்தான் கத்துவான். கரைக்கு வந்தப்புறம் யாரும் அதைப் பேச மாட்டாங்க"ன்னா. நான் சொன்னேன், "இது வள்ளம் இல்லை." 

கீழே இறங்கினா இன்ஜினியர் சக்கரத்துக்கிட்டக் குனிஞ்சு நிக்கறான். கையில ஒரு கொத்து. சவுக்கு. பச்சையா, தண்ணி சொட்டிக்கிட்டு. "சார், இது எப்படி சார் இங்கே வந்துச்சு?"ங்கறான். "தூக்கிப் போடுப்பா"ன்னேன். அவன் போடலை. ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டிட்டான். அந்தக் கவர் இப்போ விசாரணை மேஜை மேலே இருக்கு. காஞ்சு போயிருக்கு. எதிர்ல உக்காந்தா எனக்கு அதைத் தவிர வேற எதுவும் கண்ணுல படறதில்லை.

இப்போ சிக்கல் என்னன்னா, காக்பிட்ல நாங்க பேசறதைப் பதிவு பண்ணிக்கற ஒரு பெட்டி உண்டு. விமானத்துல கரண்ட் ஓடிக்கிட்டு இருந்தா புதுசு பதிஞ்சு பழசு அழிஞ்சுக்கிட்டே போகும். இறங்கினதும் அதை அணைச்சு வச்சிருக்கணும். ரெண்டு பேரும் மறந்துட்டோம். அந்தப் பெட்டியைத் திறந்தா, இன்ஜினியருங்க டீ வரலைன்னு சண்டை போட்டதுதான் இருக்கு. அதனால என் பேச்சு, அவ பேச்சு, ரெண்டே ரெண்டுதான். விசாரணைக்காரங்க கேக்கறது ஒரே ஒரு கேள்வி. பக்கத்து சீட்டுக்காரி உங்களை எச்சரிச்சாளா, இல்லையா? நான் எழுதிக் கொடுத்திருக்கேன். இல்லை. எதுவும் சொல்லலை. கடைசியில மரியாதை இல்லாமக் கத்தினா, கேக்காம கன்ட்ரோலைப் பிடிச்சா.

அந்த "இல்லை" நின்னா, எனக்கு ஆறு மாசம் மறுபயிற்சி, அப்புறம் திரும்ப சீட்டுக்குப் போயிடலாம். அவளுக்கு லைசென்ஸ் போயிடும். மீட்டரைக் கவனிச்சுச் சொல்றது அவ வேலை, சொல்லலைன்னா அவ எதுக்கு அங்கே? "ஆமா, சொன்னா"ன்னு நான் சொன்னா, நான் முடிஞ்சேன். முப்பத்திரண்டு வருஷம், எல்லாம் முடிஞ்சுது. போன வாரம் அவங்க அப்பா போன் பண்ணினார். "ஐயா, புள்ள சோறு திங்க மாட்டேங்குது, என்ன நடந்துச்சோ அதை மட்டும் சொல்லுங்க, கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்"னார். நான் என்ன சொல்ல? நடந்ததைத்தான் சொல்லியிருக்கேன். என் காதுல விழலை, அவ சொல்லலை. ரெண்டும் ஒண்ணுதானே?

பாவமாத்தான் இருக்கு. எனக்கும் ரெண்டு பொண்ணு. ஆனா பயமா இருக்கு தம்பி. லைசென்ஸ் போயிடும்னு மட்டும் இல்லை. தினமும் விடியக்காலையில முழிப்பு வந்துடுது, அந்த மஞ்சள் கோட்டுக்காரன் வாயைத் திறந்துக்கிட்டு மேலே பாக்கறான். அவன் என்ன சொல்றான்னு கேக்க மாட்டேங்குது. வீட்டுக்காரி எழுப்பி, "ஏங்க, அந்தப் பொண்ணு நிஜமா ஒண்ணும் சொல்லலையா?"ன்னு கேக்கறா. கேட்டா கோவம் வருது. ஏன் கோவம் வருதுன்னு தெரியலை.

சரி, அதை விடுங்க. மனசு பாரமாப் போச்சு. அந்தக் கல்யாணக் கதையைச் சொல்றேன்னேன் இல்லை? அன்னைக்குப் பாதியில நின்னது, இன்னும் யாருக்கும் முடிச்சுச் சொல்லவே இல்லை. கேளுங்க, சிரிப்பீங்க. முன் சீட்டுல திரும்பிக்கூடப் பாக்காமப் பேசிக்கிட்டே வந்த அத்தான், இறங்கிக் காரைத் திறந்து ஆரத்தி எடுக்கச் சொல்றார். எங்க அக்கா தட்டோட வந்து... தோளைத் தட்டாதீங்க தம்பி, ம், ம், இருங்க. தட்டோட வந்து முகத்தைப் பாக்கறா. "ஏங்க, இது யாருங்க?"ங்கறா. அந்தப் பையன் நிதானமா, "எனக்கும் அதுதாங்க சந்தேகம்"ங்கறான்! அத்தான் கேட்டார், "ஏம்ப்பா, வழியெல்லாம் ஒரு மணி நேரம் வந்திருக்கோம், கார்ல ஏழு பேர் இருக்கோம், நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அவன் சொன்னான், "நான் சொல்ல வர்றப்போ எல்லாம் நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க மாமா, பெரியவங்க பேசும்போது..."

யாரு, கண்டக்டரா கத்தறார்? "யோவ்"ங்கறார்? யாரை? என்னையா?

"யோவ், மீனம்பாக்கம் டிக்கெட்டு! எறங்கலையா நீ?"

தாண்டிருச்சா? எப்போ தாண்டுச்சு? இது எந்த இடம்? கத்திப்பாராவா! என்ன தம்பி நீங்க? ஏறினதும் உங்ககிட்டத்தானே சொல்லி வச்சேன், மீனம்பாக்கம் வந்தா சொல்லுங்கன்னு? தலையைத் தலையை ஆட்டினீங்களே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மணி பத்தே முக்கால் ஆயிடுச்சு. எனக்கு இன்னைக்கு எவ்வளவு முக்கியம்னு இவ்வளவு நேரமா...

சொன்னீங்களா?

எப்போ சொன்னீங்க? பல்லாவரத்துலயா. ம்... அப்புறம்? திரிசூலத்துல, "அடுத்தது உங்களுது"ன்னு. அப்புறம் ஸ்டாப்புல நிக்கும்போது தோளைத் தட்டினீங்க. ஆமா, தட்டினீங்க. தட்டினது தெரியுது. என்னன்னு சொன்னீங்க? "சார், மீனம்பாக்கம் சார்"னா?

மூணு தடவையா?

விளையாடாதீங்க தம்பி. எனக்குக் காது நல்லா இருக்கு. அப்போ நான் என்ன சொன்னேன்?

"ம்"னா?

மூணு தடவையும்?

...

தம்பி, எந்திரிங்க. வழி விடுங்க. இல்லை, குடை வேண்டாம், பையை மட்டும் எடுங்க. பதினொண்ணுக்குள்ளே போயிடணும். அந்தப் பொண்ணு இந்நேரம் வாசல்ல பெஞ்சுல உக்காந்திருக்கும், அவங்க அப்பா பக்கத்துல நின்னுக்கிட்டு இருப்பார். பதினொண்ணு தாண்டிட்டா அந்தக் காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டுடுவாங்க. அதுல நான் எழுதியிருக்கேன் தம்பி, என் கையால எழுதியிருக்கேன், எதுவும் சொல்லலைன்னு. ஆட்டோ கிடைச்சாப் போதும், இல்லைன்னா ஓடறேன். கால் நல்லாத்தான் இருக்கு, கைதான் நடுங்குது.

நிறுத்தச் சொல்லுங்க. நான் கத்தினா குரல் வர மாட்டேங்குது, நீங்க சொல்லுங்க. அப்படி இல்லை தம்பி, "டிரைவர் சார், டிரைவர் சார்"னா இந்த மழையில அவருக்கு எப்படிக் கேக்கும்? சார் எல்லாம் வேண்டாம். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். வாயைத் திறந்து "ஏல"ன்னு கத்துங்க!